பன்றித் தீனியில் கலந்த உப்பு

ஒஸ்லோவில் ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறேன். மிஞ்சும் பாண் துண்டுகளையும் மாவையும் ஒரு தொட்டியில் சேர்த்து வைப்போம்; ஒரு விவசாயி தன் பன்றிகளுக்குத் தீனியாக எடுத்துச் செல்வார்.

ஒரு குளிர்காலத்தில், இனிப்புப் பனிஸ் மாவில் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டேன். அந்த மாவை எறியப் போன என்னை, உடன் வேலை செய்யும் ரஞ்சன் தடுத்தான்.

"பண்டிக்குத்தானே அண்ணை, அந்தத் தொட்டிக்குள்ள போடுங்கோ."

போட்டேன்.

அடுத்த கிழமை விவசாயி கண் சிவந்து வந்தார். "ஒன்பது பன்றிகள் செத்துவிட்டன. குடிக்கத் தண்ணீரில்லாமல் உடம்பில் உப்புக் கூடிவிட்டதாம். தண்ணீர்க் குழாய் உறைந்ததை நான் கவனிக்கவில்லை, என் பிழைதான்" என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. உப்பு மாவைப் பற்றிச் சொன்னேன்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு அவர் வரவேயில்லை.

இப்போது வேறொருவர் வருகிறார். கழிவு மாவை நாக்கில் வைத்துப் பார்த்த பின்பே தொட்டியில் போடுகிறேன். உப்பு மாவைச் சொல்லாமல் போட்ட அந்த நாளை மட்டும் மாற்ற முடியவில்லை.