பீர்க்கன்கரணை வீட்டின் வாரிசு

இதை எழுதவே கூடாது என்று என் மனைவி கைனாத் தடுத்தாள். படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். அந்த வீட்டில் நின்றவன் நான். அந்தக் குரலைக் கேட்டது என் காது. என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. ஒரு முழம் தூரம்கூட இருக்காது.

2005 நவம்பர். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். துறை விழாவுக்கு நாடகம் போட வேண்டும். எழுதியவன் என் வகுப்பு ஹேமநாத். இங்கிலாந்தில் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்று இரண்டு ராஜ குடும்பங்கள் வருடக்கணக்கில் வெட்டிக்கொண்டன. கடைசியில் தோற்றது யார்க் பக்கம். தோற்காமல் ஜெயித்திருந்தால்? அதுதான் ஹேமநாத்தின் கற்பனை. ஆல்ட்மோர் என்று ஒரு பிரபு குடும்பத்தை அவனே உண்டாக்கியிருந்தான். அண்ணன் லங்காஸ்டர் கட்சி, தம்பி யார்க் கட்சி. யார்க் ஜெயித்துவிடுவதால் கோட்டை, நிலம், பட்டம் எல்லாம் தம்பிக்குப் போகிறது. அண்ணனைத் துரத்திவிடுகிறார்கள்.

தம்பி வேஷம் ஹேமநாத்துக்கு. அண்ணன் நான். தீர்ப்புச் சொல்லும் நீதிபதி சத்யப்ரியா.

எனக்கும் ஹேமநாத்துக்கும் அப்போதே ஆகாது. தம்பி வேஷத்தை நான் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தேன். “எழுதுனது நானு. ஹீரோ மட்டும் நீயா?” என்று எல்லோர் முன்னாலும் முகத்தில் அடித்த மாதிரி கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

மழையில் கல்லூரி அரங்கம் ஒழுகியது. பீர்க்கன்கரணையில் தன் அப்பாவின் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கே ஒத்திகை வைத்துக்கொள்ளலாம் என்றான் ஹேமநாத். அவர்கள் குரோம்பேட்டை ஃபிளாட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் யாருமே நிலைக்கவில்லையாம். காரணம் அவனுக்குத் தெரியாது.

ஏரிக்கரையை ஒட்டிய வீடு. ஏரி நிரம்பித் தளும்பியது. நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தரை மணி. மழை இருட்டு. கூடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு. நடுவில் ஒரு பெரிய மர நாற்காலி. அதுதான் எங்கள் கோட்டைச் சிம்மாசனம்.

காட்சி சுலபமானது. ‘இந்தக் கோட்டைக்கு வாரிசு யார்?’ என்று சத்யப்ரியா கேட்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நிற்க வேண்டும். ஹேமநாத் ‘நான்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். நாடகம் முழுக்க ஆங்கிலம்.

சத்யப்ரியா கேட்டாள்.

“நா...ன்.”

பதில் தமிழில் வந்தது. கரகரவென்று. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசின மாதிரி.

ஹேமநாத் என் பக்கம் திரும்பினான். “இன்னாடா, சீன் போடுறியா?”

“நான் வாயே தொறக்கலடா.”

“உன் பக்கம்தானே சத்தம் வந்துச்சு? பொறாமைடா உனக்கு.”

“சண்டை வேணாம்பா. திரும்ப எடுக்கலாம்” என்றாள் சத்யப்ரியா.

இந்த முறை ஹேமநாத்துக்குத் தெரியும்படி என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் மறுபடியும் கேட்டாள்.

“நான்.”

இப்போது இன்னும் தெளிவாக.

என் பிடரியில் ஈரக்காற்று பட்டது. சேற்று வாடை. ஏரித் தண்ணீரின் வாடை.

சத்யப்ரியா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜாகிர்... உன் பின்னாடி...”

குனிந்து பார்த்தேன். என் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு ஈரப் பாதங்கள். வெறுங்கால் தடம். வாசலிலிருந்து வந்த தடம் எதுவும் இல்லை. அங்கேயே முளைத்த மாதிரி இருந்தன.

நான் விலகினேன்.

சளக்...

தரையில் இன்னொரு தடம் விழுந்தது. நாற்காலியைப் பார்த்து.

சளக்...

அடுத்தது.

ஹேமநாத்தும் பார்த்தான். அவனுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தது.

“யார்றா அது? இது எங்கப்பா வூடு. நான்தான் வாரிசு!”

ஓடிப்போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

பல்பு அணைந்தது.

சளக்... சளக்...

நாற்காலி கிறீச்சிட்டது. அதன்மேல் இன்னொருவரும் ஏறி உட்கார்ந்த மாதிரி.

ஹேமநாத் அலறினான்.

அலறல் பாதியிலேயே அறுந்தது.

அமைதி.

பிறகு...

“நான்தான்.”

கரகரப்பே இல்லை. அது ஹேமநாத்தின் குரல்.

ஆனால் வாசல் பக்கத்திலிருந்து வந்தது.

செல்போன் டார்ச்சை அடித்தேன். வாசலில் யாரும் இல்லை. ஹேமநாத் நாற்காலியிலேயே இருந்தான். சட்டையெல்லாம் நனைந்து சொட்டியது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். இன்றுவரை அவன் பேசவில்லை.

அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா ஜோதிலட்சுமி என் சட்டையைப் பிடித்துவிட்டார். “என் பையன என்னடா பண்ணீங்க?” நானும் சத்யப்ரியாவும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னோம். குரலைப் பற்றிச் சொன்னதும் அவர் பிடி தளர்ந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இவங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு” என்றார் மெதுவாக. “மாமனார் போனதும் பங்கு பிரிக்க அந்தக் கூடத்துலதான் பெரியவங்க உக்காந்தாங்க. வீடு யாருக்குன்னு கேட்டாங்க. அவரு அப்படியே நின்னாரு. என் வீட்டுக்காரர் எனக்குத்தான்னு சொல்லிட்டாரு. அன்னிக்கே அவர வெளிய தள்ளிட்டாங்க. அப்புறம்... ஏரியிலதான் கெடைச்சாரு.”

“அவர் தனக்கு வேணும்னு ஏன் ஆன்ட்டி சொல்லல?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எப்படிப்பா சொல்லுவாரு? பொறந்ததுலேர்ந்தே அவருக்குப் பேச்சு கெடையாது.”