எந்த மருந்து?

1. பிளாஸ்திரி

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு டேப்லெட், எங்கள் வாயில் டேப், வந்து சேர்ந்த அன்று நான் முதலில் செய்த காரியம், அதன் கேமரா மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியதுதான். காயத்துக்கு ஒட்டுகிற அதே வெள்ளைப் பிளாஸ்திரி.

நான் கிராம சுகாதார செவிலியர். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "வீடியோவில டாக்டர் பாக்கிற திட்டம் வந்தப்ப எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். சமாளிக்கவில்லை, சந்தேகப்பட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பிளாக் மீட்டிங்கில் அதிகாரி ஒருவர் படம் போட்டு விளக்கினார். நோயாளி இங்கே, டாக்டர் அங்கே, நடுவில் நர்ஸ். "இனிமே நீங்கதான் டாக்டரோட கையும் காதும்" என்றார். நான் எழுந்து கேட்டேன்.

"அப்ப எங்க பி.எச்.சி.ல காலியா கிடக்கிற டாக்டர் போஸ்டுக்கு ஆள் வருமா வராதா சார்?"

"நெகட்டிவா பேசாதீங்க சிஸ்டர்."

அந்தப் பதிலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆள் போட மனமில்லாமல் பெட்டியைக் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, நான் எத்தனை மணிக்கு வருகிறேன், எத்தனை மணிக்குப் போகிறேன் என்று இந்தக் கேமரா வேவு பார்க்கும் என்றும் நினைத்தேன். அதனால்தான் பிளாஸ்திரி. வீடியோ கால் வரும்போது உரித்துவிட்டு, முடிந்ததும் திரும்ப ஒட்டுவேன். ஒட்டி உரித்து, ஒட்டி உரித்து அந்த இடமே பிசுபிசு என்று ஆகிவிட்டது. பல டாக்டர்கள் என்னைப் பனிமூட்டத்துக்குள்தான் பார்த்திருப்பார்கள்.

2. ஓடிபி

ஒருவரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அவருடைய செல்லுக்கு ஓடிபி வரும். அதை அவர் சொல்ல, நான் டேப்பில் அடிக்க வேண்டும். இங்கேதான் வண்டி நின்றது. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று பேங்கிலிருந்து கிராம சபை வரைக்கும் சொல்லிச் சொல்லி ஊரே தேறியிருந்தது. இப்போது நானே போய்க் கேட்கிறேன்.

"நர்சம்மா, உங்கள நம்பாம இல்ல. ஆனா அந்த நம்பரை மட்டும் கேக்காதிய" என்று பெரியவர் ஒருவர் செல்லை மடிக்குள் வைத்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். அவருக்குக் காலில் ஆறாத புண். மூன்று நாள் நடந்து கெஞ்சிய பிறகுதான் எண்ணைச் சொன்னார். அதற்குள் பழைய எண் செல்லாமல் போய், மறுபடியும் புது எண் வந்தது. "பாத்தியளா, மாத்தி மாத்திக் கேக்காவ" என்று எழுந்து போய்விட்டார்.

மேலிடத்திலிருந்தோ தினமும் போன். "இன்னைக்கு எத்தனை கால் சிஸ்டர்?" ஆள் வராத நாளில் என்ன செய்வது? என்னையே நோயாளியாகப் பதிந்துகொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் நடந்ததை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பில் என்ன பயன்? ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை மூட்டுவலி. பெரும்பாலும் எங்களுக்கு வருகிற டாக்டரம்மா ஒருவர்தான். சின்ன வயது, வடக்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து பேசுவார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இன்னைக்கு எங்க சிஸ்டர் வலிக்குது?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த கிண்டல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பெண் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

3. ஆபீஸ் வேலை

ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். விரல் எல்லாம் தோல் உரிந்து ஒரு பெண் வந்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீசுக்குப் போறேன் டாக்டரம்மா."

"கம்ப்யூட்டர் வேலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் ஆபீஸ். கோவில்பட்டியைச் சுற்றி எந்தக் கிராமத்தில் கேட்டாலும் பாதிப் பெண்கள் ஆபீசுக்குத்தான் போவார்கள். "ஆபீஸ்னா தீப்பெட்டி ஆபீஸ் டாக்டர். மருந்து பட்டுத் தோல் உரியுது" என்றேன்.

"எந்த மருந்து? யார் எழுதிக் குடுத்தது?"

"குச்சி மருந்து டாக்டர். தீக்குச்சி நுனியில இருக்குமே, அது."

அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மருந்து என்றால் மாத்திரை மட்டும்தான் என்று நினைக்கிற டாக்டரை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி இந்த ஜனங்களைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். அதற்குச் சரியான பாடமும் எனக்குக் கிடைத்தது.

4. புது மருந்து

கார்த்திகை மாதம். ஐப்பசியில் நல்ல மழை பெய்து மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்ற வருடம். காலை பதினொரு மணி இருக்கும். செல்லத்தாய் தன் புருஷன் ராமசுப்புவை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தாள். இருவரும் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். ராமசுப்புவுக்கு நான்தான் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொடுக்கிறேன். மூன்று ஏக்கர் மானாவாரி, சொந்த உழைப்பு, அதிகம் பேசாத மனிதர்.

"அவியளுக்கு மேலுக்கு முடியலக்கா. ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டாவ. தலை சுத்துதுங்காவ" என்றாள்.

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் தரைக்குப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தேன். அந்த வாடையில் வேறு எந்த வாடையும் எனக்குத் தெரியவில்லை. பிளாஸ்திரியை உரித்து டேப்பைப் போட்டேன். டாக்டரம்மா வந்தார். நான் டேப்பில் கட்டங்களை நிரப்புவதிலும், சிக்னல் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பதிலும் இருந்தேன். அவர்கள் பேசியது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"மருந்துதாம்மா."

"பழைய மருந்தா, புதுசா?"

"புதுசுதான். கடைக்காரர் மாத்திக் குடுத்தாரு."

"எத்தனை நாளா?"

"நேத்தும் இன்னைக்கும்."

"காலைலயா, நைட்டா?"

"காலையிலதான். வெயில் ஏறிட்டா..." என்று அவர் இழுக்கும்போதே செல்லத்தாய் குறுக்கே புகுந்தாள். "காலையில மட்டுந்தான் டாக்டரம்மா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் மாதாமாதம் வீடு தேடிப் போய்க் கொடுக்கிற மாத்திரையை விட்டுவிட்டு மெடிக்கல் ஸ்டோரில் வேறு வாங்கித் தின்றிருக்கிறார் பார் என்று நினைத்தேன். டாக்டரம்மாவும் அதையேதான் நினைத்தார். "அந்த மருந்து ஒத்துக்கலை. நிறுத்திடுங்க. சிஸ்டர், பி.பி. பாருங்க, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடுங்க" என்றார்.

கால் முடியப் போகிறது. முடிந்தது என்ற பட்டனுக்கு மேல் என் விரல் இருக்கிறது.

"ஒரு நிமிஷம் சிஸ்டர். அவர் ஏன் வாயைத் துடைச்சுக்கிட்டே இருக்காரு?"

திரும்பிப் பார்த்தேன். துண்டு நனைந்திருந்தது. எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. கண்ணிலும் நீர்.

"பி.பி. மாத்திரைக்கு எச்சில் இப்படி ஊறாது. எந்த மருந்துன்னு கேளுங்க."

எந்த மருந்து! எங்கள் கரிசல் காட்டில் பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர். இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியவள் நான். இத்தனை வருடம் இங்கேயே கிடந்தவள் நான்.

"ஏட்டி செல்லத்தாய், எந்த மருந்து?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பும் என் பச்சை அட்டை நோட்டும் கிடந்த மேஜையைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ராமசுப்புதான் முனகினார். "சோளத்துப் படைப்புழுவுக்கு..."

"குடிக்கலக்கா!" என்று செல்லத்தாய் கத்தினாள். "எங்க அம்மை சத்தியமா குடிக்கல. அடிக்கத்தான் செஞ்சாவ. டேங்கு ஒழுகிட்டு."

நான் நம்பவில்லை. பயிர் பொய்க்காத வருடத்திலும் விஷம் குடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குனிந்து அவர் வாயை மோந்து பார்க்கப் போனேன். டேப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சிஸ்டர், குடிச்சாரா அடிச்சாரான்னு அப்புறம் விசாரிக்கலாம். 108-க்கு போன் பண்ணுங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு முதல்ல சட்டையைக் கழட்டுங்க."

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழற்றியபோதுதான் பினாயிலைத் தாண்டி அந்த வாடை வந்தது. ஆள் உயரச் சோளத்துக்குள் நின்று தலைக்கு மேலே அடித்திருக்கிறார். ஒழுகும் டேங்கை முதுகில் சுமந்து, நனைந்த சட்டையை மாற்றாமலேயே இரண்டு நாள். கண்ணில் டார்ச் அடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. கண் பாப்பா கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. "சோப்புப் போட்டுக் கழுவுங்க, தலைமுடியும் சேர்த்து. வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க, அந்தக் கரைசலும் வேண்டாம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

செல்லத்தாய் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்தேன். டேப்பை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்திருந்தேன். டாக்டரம்மா இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. "மூச்சு எண்ணுங்க. நெஞ்சு ஏறி இறங்குதா? சத்தமா எண்ணுங்க, எனக்குக் கேக்கணும்" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன். ராமசுப்புவின் தொடையில் சதை துடித்ததைச் சொன்னேன். வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது. வண்டிக்குள் இருந்தவரிடமும் டேப் வழியாகவே பேசி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிட்டுத்தான் டாக்டரம்மா முகம் மறைந்தது.

மறுநாள் மேலிடத்திலிருந்து போன். "என்ன சிஸ்டர், நேத்து ஒரே ஒரு கால்தானா?"

"ஆமா சார், ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன்.

5. நோட்டு

ராமசுப்பு ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலும் துருவித் துருவி விசாரித்திருக்கிறார்கள். அவர் குடிக்கவில்லை, அடித்ததுதான் என்று உறுதியாகிவிட்டது. அந்த மாதம் செல்லத்தாயே பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். கோபத்தை அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்ட்டி அன்னைக்கு மறைச்ச? இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா உன் புருஷன் உனக்கு இல்ல. டேப்பைப் பாத்தா உனக்கு அவ்வளவு பயமா?"

"டேப்பைப் பாத்து நான் என்னத்துக்குப் பயப்படுதேன்?" என்றாள். "அந்த டாக்டரம்மா எங்கயோ இருக்காவ. அவியளுக்கு எங்கள யாருன்னு தெரியுமா? உங்களப் பாத்துத்தான் பயந்தேன்."

"என்னையா?"

"போன வருசம் இவிய தம்பி மருந்தக் குடிச்சப்ப நீங்கதான முதல்ல வந்திய? வந்ததும் நோட்டை எடுத்து எழுதுனிய. மறுநாள் வீட்டு வாசல்ல போலீசு. ரெண்டு தரம் வந்தாவ. எங்க கொழுந்தன் பொழச்சுட்டான். ஆனா நாத்தனாரைப் பொண்ணு கேட்டு வந்தவிய, இது மருந்து குடிக்கிற வீடுன்னு திரும்பிப் போயிட்டாவ. அன்னைக்கும் உங்க மேசையில அந்த நோட்டுதான் விரிச்சுக் கிடந்துச்சு. நான் எப்படிக்கா வாயைத் திறப்பேன்?"

அவள் சொல்லச் சொல்ல எனக்கு நினைவு வந்தது. அன்று அவள் பார்த்தது டேப்பை இல்லை. பக்கத்தில் விரித்துக் கிடந்த என் பச்சை அட்டை நோட்டை. தம்பி விஷயத்தில் நான் எழுதியது தப்பில்லை. எழுதத்தான் வேண்டும், அது என் வேலை. ஆனால் போலீஸ் வரும், பயப்படாதே, நான் கூட நிற்கிறேன் என்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. எழுதி முடித்து, பேனாவை மூடி, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வருடம் முழுக்க அரசாங்கம் என்னை வேவு பார்க்கிறதென்று கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, ஊர் என்னையும் அப்படித்தான் பார்க்கிறது என்று தெரியாமல் போயிற்று. அன்று எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னாலேயே அழுதேன்.

டேப்பை நான் இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. அந்த டாக்டர் போஸ்ட் நான் ஓய்வு பெறும்வரை காலியாகத்தான் இருந்தது. அதைக் கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த டாக்டரம்மாவை நம்புகிறேன். வாயைத் துடைக்கிற ஒரு மனிதனை அத்தனை தூரத்திலிருந்து அவர் சந்தேகப்பட்டார், பக்கத்தில் இருந்த நான் சிக்னல் கோட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் யாராவது மருந்து என்று சொன்னால், எந்த மருந்து என்று கேளுங்கள். தின்கிற மருந்தா, அடிக்கிற மருந்தா, குச்சி மருந்தா என்று பிரித்துக் கேளுங்கள். டேப்பில் அதற்குக் கட்டம் கிடையாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். எழுத வேண்டியதைக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் பிறகு எழுதுங்கள். கேட்கும்போது நோட்டு மூடியிருக்கட்டும்.