சுவரில் கரியால் எழுதிய லேயாள்

புதுச் சுண்ணாம்பின் மணம் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் கசக்கிறது. பனிச்சங்கேணியில், வாவிக் கரையோரம், எனக்குச் சீதனமென்று அப்பா கட்டிய வீட்டின் மணம் அது. மூத்தவளுக்குத்தான் முதலில் கல்யாணம், அவளுக்குத்தான் முதல் வீடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கை ராகேலுக்கு ஏழு.

என் பெயர் லேயாள். கோயில் உபதேசியார் வைத்த எபிரேயப் பெயர். அந்த மொழியில் அதற்குக் களைத்துப்போனவள் என்று பொருள், காட்டுப்பசு என்பாரும் உண்டு என்று அவரே ஒருநாள் சொல்லிவிட, தண்ணீர் அள்ள வரும் பெட்டைகள் என்னைக் கண்டதும், "களைச்சவள் வாறாள், பாயப் போடுங்க கா!" என்று சிரிப்பார்கள். நான் நிறைகுடத்தை இறக்காமலே அவர்கள் முன் நின்று காட்டுவேன்.

அப்பாவுக்கோ அந்தப் பெயரில் பெருமை. பழைய கதையில் யாக்கோபு கேட்டது இளையவள் ராகேலை. தகப்பன் லாபானோ மூத்தவள் லேயாளை முக்காட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டான். எல்லாரும் மாப்பிள்ளைக்காக இரங்க, அப்பா மட்டும் தொடையில் தட்டி, "லாபான் நாயமான மனிசன்! மூத்தவள வெச்சிற்று இளையவளக் குடுக்கிறதா?" என்பார். வீட்டை என் பெயருக்கு மாற்றும் "உறுதி"ப் பத்திரம் எழுதும் நாளில் நான் கைநாட்டு வைக்கக் கூடாதென்று, உபதேசியாரைக் கொண்டு என் பெயரைச் சுவரில் கரியால் எழுதுவித்தார். அந்த மாரி முழுவதும் அதன்மேல் விரலை ஓட்டியே மூன்றெழுத்தையும் பழகினேன். மற்ற எழுத்துகளைப் பின்னாளில் பாட்டுப் புத்தகத்தில் நானே பொறுக்கிக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்துச் சம்பளக்காரன் ஒருவன் பெண் கேட்டு வந்தான். அவன் கேட்டது ராகேலை, வீட்டோடு. அப்பா என் முகத்தைப் பாராமல், "நல்ல இடம், புள்ள. உனக்குப் பிறகு ஒண்டு கட்டுவம்" என்றார். லாபான் ஏமாற்றியாவது மூத்தவளைக் கொடுத்தான். என் அப்பா எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது என் பெயரை மூடியதும் அவர் கைதான். வீட்டை ராகேல் பெயருக்கு உறுதி எழுதிய அன்று, வர வேண்டிய சாட்சி ஒருவர் வராமல் போக, "இவளுக்குக் கையெழுத்து வரும்" என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசின் முன்னால் என்னைத் தள்ளிவிட்டார். போட்டேன்.

இரண்டாவது வீடு எழும்பவே இல்லை. வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரவுமில்லை.

ராகேலும் கண்ணை மூடிவிட்டாள். சென்ற வருடம் அவள் மகன் அந்த வீட்டை இடித்தான். "பெரியம்மா, தூசி, தள்ளி நில்லுங்க" என்றான். நான் தள்ளி நிற்கவில்லை. விழுந்த சுண்ணாம்புப் பாளங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கரிக்கோடு இல்லை. லேயாள் என்ற பெயர் இனி அந்த உறுதியில் மட்டும்தான் இருக்கிறது, சாட்சிக்காரர் என்ற சொல்லுக்குக் கீழே.