உலு திராமில் வெயில் அடுப்புச் சுண்டல்

காலை எட்டு மணிக்கு ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்தில் பேருந்து ஏறினேன். உலு திராம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கட்டணம் மூன்று ரிங்கிட் சொச்சம். போகிற காரியத்தைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார்.

"வெயில் அடுப்பப் பாக்கவா மதுரையிலேருந்து வந்தீங்க? மத்தியானம் மழ வந்துரும் லா!"

வெயிலைத் திட்டியே வளர்ந்த ஊர்க்காரன் நான். அதை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது?

ஒன்பதரைக்குச் சேகரன் வீட்டு வாசலில் இருந்தேன். தொழிற்சாலை ஊழியர், அன்று விடுப்பு எடுத்திருந்தார். மனைவி கலாவதி இரவுச் சந்தையில் சுண்டல் விற்றவர். போன வருடம் கேஸ் குழாய் தீப்பிடித்து முன்கை வெந்ததிலிருந்து அவருக்கு அடுப்பைப் பற்றவைக்கப் பயம். கடையும் நின்றுபோனது. அதற்காகச் சேகரன் செய்து கொடுத்ததுதான் இந்த வெயில் அடுப்பு: மரப்பெட்டி, உள்ளே கறுப்புப் பானை, மேலே கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பி விட ஒரு தகடு. மாலையில் மறுபடி கடை திறப்பதாக ஏற்பாடு. தாளிப்பை மட்டும் சேகரன் கேஸில் செய்து தருவார்.

"இன்னைக்கு வேகலன்னா கடையே வேணாண்ணே. அடுப்பு பத்தவெக்க தெனமும் இவரு லீவு போட முடியுமா?" என்றார் கலாவதி.

வேகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஆனால் தமிழர் வீட்டில் அடுப்பில் ஒன்று இருக்க, வந்தவர் சும்மா போகலாமா? பக்கத்து வீட்டம்மா வந்தார். ருசி பார்க்க ஒரு கரண்டி. மலாய்க்கார நண்பர் வந்தார். அவருக்கும் ஒரு கரண்டி. "ஊர்லேருந்து வந்திருக்கீங்க, சாப்புடாமயா?" என்று எனக்காகவும் கலாவதி திறந்தார். நானும் வெட்கமில்லாமல் கையை நீட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் பெட்டியின் சூடு குபுக்கென்று வெளியே போனது. சேகரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அலமாக்! விருந்தாளிக்கே சூடெல்லாம் போவுது!"

ஒன்றரை மணிக்கு மேகம் கவிந்தது. பெட்டியைப் போர்வையால் மூடி உள்ளே தூக்கினோம். வெளியே மழை கொட்டியது.

நான்கு மணிக்குக் கலாவதி ஒரு கடலையை நசுக்கிப் பார்த்தார். வெளியே மெத்து, உள்ளே கடுக். இன்னும் கால் மணி நேரம் தீயில் இருந்தால் போதும். சேகரன் கேஸ் அடுப்பை நோக்கி நகர்ந்தார்.

"தள்ளுங்க," என்றார் கலாவதி.

"நான் வெக்கிறேன்மா."

"முக்காவாசி வெந்துருச்சுல்ல? இந்தக் காவாசிக்கா கடைய விடுவேன்? தள்ளுங்கன்னா!"

அவரே குச்சியை உரசினார். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதில் நீலச் சுடர் வட்டமாய் எழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர, கையை எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

இரவு எட்டு மணிக்குச் சந்தையில் சட்டி காலி. எனக்கென்று எடுத்து வைத்த பொட்டலத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த வாட்டி வந்தா மூடியத் தொறக்க மாட்டேண்ணே," என்று சிரித்தார். அதை நான் நம்பவில்லை.

திரும்பும் பேருந்தில் எங்கள் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டேன். மதுரையாக இருந்தால், நாங்கள் எத்தனை கரண்டி தின்றிருந்தாலும், நடுப்பகலுக்குள் சுண்டல் குழைய வெந்திருக்கும். கலாவதி தீக்குச்சியைத் தொட்டிருக்கவே மாட்டார்.