மாத்திரை அட்டைத் தோரணம்

எங்கள் வீட்டில் காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது. மருந்துக் கடையில் போய்ப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அட்டையை நீட்டினால் கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். இதற்கு ஓர் அட்டை போதும்தான். அந்த ஓர் அட்டை எது என்று தீர்மானிக்க முடியாததால் எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். டப்பா நிறைந்ததும் இன்னொரு டப்பா. என் வயதுக்காரனின் சேமிப்பு வேறு எப்படி இருக்கும்?

இந்த நிலையில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்பதுகூடத் தவறு; தகவல். சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும், திருவேங்கடம் ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்வதாக அவள் முடிவு செய்துவிட்டு எங்களிடம் சொன்னாள். ஜாதகமும் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வருகிற சாக்கில் பையனின் அப்பா அம்மா எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் பையனின் அம்மா போனில் என் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“உங்க வீட்ல யாருக்கும் சுகர், பிரஷர்னு ஏதும் உண்டா மைனி?”

“எங்க பக்கமே அந்தப் பேச்சு கிடையாது மைனி,” என்றாள் என் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து காலை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்த எனக்குப் புரை ஏறியது.

போனை வைத்துவிட்டு என் தலையில் தட்டியபடி சொன்னாள்: “ஒரு பொய்கூடச் சொல்லாம எந்தக் கல்யாணம் நடந்திருக்கு? உங்க வீட்லயும்தான் மாப்பிள்ளைக்கு எல்லா வேலையும் தெரியும்னு சொன்னாங்க.”

அன்று மாலை மகள் கூப்பிட்டாள். “எப்பா, அவங்க அம்மா சரின்னு சொல்லிட்டா எல்லாம் சரி. நீ புதுசா எதையும் செஞ்சு வைக்காத. சும்மா இரு, அது போதும்.”

சும்மா இருப்பது ஞானிகளுக்கே லேசில் கைகூடியதில்லை என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு எப்படிக் கைகூடும்? ஏற்கெனவே போனில் ஒரு பெண்மணி பழைய சாமான்களை வைத்துத் தொங்கல் அலங்காரம் செய்வதைப் பார்த்து மனம் கெட்டுப்போயிருந்தேன். எங்கள் ஹாலோ மொட்டையாக இருந்தது. மகளின் தொட்டிலுக்காக அடித்த கொக்கி மட்டும் ஜன்னலோரம் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தேன். வெள்ளிச் சுரங்கம்!

செத்துப்போன டேபிள் ஃபேனின் முன்பக்கக் கம்பி வலையைக் கழற்றி வளையமாக்கினேன். பக்கத்துத் தறிக்கூடத்தில் கழித்துப் போட்ட சிவப்பு நூலை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். பிறகு கத்தரிக்கோலும் நானும்தான். வெட்ட வெட்ட ஒரு போதை ஏறியது. மீன் வெட்டினேன், மனைவி அதைக் கொய்யா இலை என்றாள். இலை வெட்டினேன், நல்ல மீன் என்றாள். விரலெல்லாம் கீறி, அந்தக் கீறலுக்கு மருந்து வாங்கி, அதன் அட்டையையும் வெட்டினேன். கட்டி அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பார்த்தபோது, ஹாலுக்குள் ஒரு சின்னத் தேர் தொங்குகிற மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து கதவில் இடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை.

மனைவி சுற்றிவந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு,” என்று அவள் சொன்னது எங்கள் இல்வாழ்க்கையில் அபூர்வம். அடுத்த நொடியே அலறினாள். “ஐயோ, மாத்திரை பேரெல்லாம் தெரியுதே! நான் என்ன சொல்லி வச்சிருக்கேன், நீங்க என்னத்தைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?”

அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி விட்டேன். “இனி சுவருதான் படிக்கணும்,” என்றேன். அவள் அதையும் நம்பாமல் ஜன்னலை இறுகச் சாத்தி, ஃபேன் சுவிட்சின் மேல் காலண்டரைத் தொங்கவிட்டாள்.

வந்தார்கள். பையனின் அம்மா உட்காரும்போதே ஹாலை ஒரு சுற்று அளந்துவிட்டார். அப்பா மேலே பார்த்து, “அடேயப்பா, வெள்ளியா அண்ணாச்சி?” என்றார். நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். கேசரி வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சுகர் கிடையாது என்பதால் எனக்கும் ஒரு தட்டு வந்தது. பொய்யில் இத்தனை நெய் ஊறும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எதிரே பையனின் அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

“ஜன்னலைச் சாத்தி வச்சிட்டு என்னத்துக்கு வேகணும்? வெளிய ஆடிக்காத்து சும்மாதான கெடக்கு,” என்று எழுந்தவர், என் மனைவி “இருங்க அண்ணே” என்பதற்குள் கொண்டியை எடுத்துவிட்டார்.

அம்மியையே தூக்கும் காற்றுக்கு அட்டை எம்மாத்திரம்? மொத்தத் தோரணமும் சலசலவென்று ஒரு சுற்றுச் சுற்றி, மீன், இலை, நட்சத்திரம் எல்லாம் தங்கள் மறுபக்கத்தை விருந்தாளிகளுக்குக் காட்டின. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஓடுகிற ஒரு மீனை விரலால் பிடித்து நிறுத்தினார்.

“மெட்பார்மின்,” என்று படித்தார்.

மனைவி முந்திக்கொண்டாள். “அது... பக்கத்து வீட்டு அட்டை.”

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மீனைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்: “நைட்டுக்குப் பாதி போடுதீங்களா, முழுசா?”

“முழுசு,” என்றேன். வாயில் கேசரி இருந்தது. புத்தி வேறு எங்கோ இருந்தது.

“எனக்குப் பாதிதான்!” என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவர்போல.

“ஏங்க!” என்று ஒரு சத்தம். பையனின் அம்மா பாதி எழுந்து நின்றார். மகளின் கல்யாணம் அந்தப் பாதியில் நின்றது. நான் மென்றதை விழுங்கவும் பயந்தேன்.

என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள். “அப்ப நீங்களும் அன்னைக்குப் போன்ல, எங்க வீட்லயும் ஒண்ணும் கிடையாதுன்னு...”

“நீங்க அப்படிச் சட்டுனு இல்லைன்னு சொன்ன பிறகு நான் மட்டும் உண்டுன்னு எப்படி மைனி சொல்லுவேன்? எங்களைக் கேவலமா நினைக்க மாட்டீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒரே நேரத்தில் எழுந்து, எங்கள் இருவர் கையிலிருந்தும் கேசரித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார்கள். உள்ளேயே ஆவணி முதல் முகூர்த்தம் என்று பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் தோரணத்துக்குக் கீழே நின்று, எந்த இலை எந்த வேளைக்கு என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டார்.

அவர்கள் பஸ் ஏறியதும் மகள் கூப்பிட்டாள். “எப்பா, அவங்க அம்மா என்ன சொன்னாங்க?”

“ஆவணியில வச்சிருவோம்னு சொல்லுதாங்க.”

அந்தப் பக்கம் கேட்ட கூச்சலுக்குப் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அது அடங்கியதும் சந்தேகத்தோடு கேட்டாள்: “நிசமாவா? நீ ஒண்ணும் பண்ணலையே?”

“நான் என்னம்மா பண்ணினேன்,” என்றேன். “எல்லாம் காத்துதான்.”