ஆறு மணிக் காபிக்கு மிச்சம் பிடித்த தண்ணீர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். வாரம் மூன்று நாள், ஒன்பது வருடமாக, பக்கத்து வீட்டுக் கோமதியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனது நான்தான். எப்போதும் எனக்கு முன்பே கேட்டில் வந்து நிற்பார். அன்று இறங்கி வந்தது மகள் நித்யா. காலில் செருப்புகூட இல்லை.

"அம்மா எந்திரிக்கல ஆன்ட்டி" என்றாள்.

"நேரமாகுது, எழுப்பும்மா" என்றேன். அவள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்படிச் சொன்ன என் வாயை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புனே நிக்டியில் கோமதியை அறிந்த தமிழர்களான உங்களுக்கு என் மடத்தனம் புரியும். தன் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன என்பதையே அவர் நம்மை மறக்கவைத்திருந்தார். இரண்டு முறை ஐ.சி.யூ. வரை போய்த் திரும்பி, மறுவாரமே காய்கறிக்காரரிடம் மராத்தியில் சண்டை போட்டவர். "கிட்னிதான போச்சு, வாய் நல்லாத்தான இருக்கு" என்பார் தன் அம்பாசமுத்திரத்துத் தமிழில். இத்தனை வருடம் கூடவே இருந்த நோய் ஒருநாள் ஆளைக் கொண்டுபோகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இப்போதும் செவ்வாய், வியாழன், சனி என்றால் கை தானாகக் கார் சாவியைத் தேடுகிறது.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கோமதி தினமும் காலையில் அந்த முக்கால் லிட்டரை ஒரு பாட்டிலில் நிரப்பிவைப்பார். தாகம் எடுத்தால் அதிலிருந்து ஒரு வாய். மோரோ ரசமோ குடித்தால், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவார். பாட்டில் காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. உங்களைவிடச் செடிதான் அதிகம் குடிக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

ஒரு மே மாதத்து மதியம், உதடு வெடித்திருக்க, பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். ஆறு மணிக்கு நித்யா வந்ததும் இருவரும் ஆளுக்கு ஒரு டம்ளர் காபி குடிப்பார்கள். மகளுக்கு முன்னால் அளந்து குடிக்கக் கூடாது என்பதற்காக, அந்த ஒரு டம்ளரைப் பகல் முழுக்க மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார்.

"அவகிட்ட சொல்லிராதீய. தெரிஞ்சா அந்தப் பிள்ளை காபியவே விட்டுரும். நான் ஒருத்தி அளந்து குடிச்சாப் போதும்" என்றார்.

நித்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. இதைப் படிக்கும் யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏனென்றால் அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை மாலை, நித்யா ஆபீஸ் நண்பர்களோடு வெளியே சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்தாள். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோமதியும் குடிக்கவில்லை.

தகனம் முடிந்து வந்து சமையலறையை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பாட்டில் நித்யாவின் கையில் அகப்பட்டது. சரியாக ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அம்மா நேத்து ஏன் ஆன்ட்டி இதைக் குடிக்கல?"

தாகம் எடுத்திருக்காது என்றேன். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பாட்டிலை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், கடைசிச் சொட்டு வரை கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். கோமதியின் சட்டப்படி, செடிக்கு ஊற்றிய தண்ணீர் அவர் குடித்த காபி.

காலிப் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் அந்தப் பொய்யையும் நான் வைத்துக்கொள்கிறேன். அம்மாவோடு தினமும் குடித்த காபி மட்டும் நித்யாவுக்கு இருக்கட்டும்.