தலைநகருக்குப் போகும் வழி

வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகி, திருகோணமலை அதன் தலைநகர் என்றானபோது நான் மூன்றாம் வகுப்பு. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

வெங்காயத் தறைக்குள் நின்றபடியே அப்பா பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கூவிச் சொன்னார்: "இனித் திருகோணமலை எங்கடை. வீட்டு முத்தத்தைக் கடக்கிற மாதிரிப் போய் வரலாம்!"

அப்பாவுக்கு மாகாணத்தைவிடத் தங்கச்சி பெரிது. கலியாணமாகித் திருகோணமலைக்குப் போன என் மாமியை, தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்துக்குப் பிறகு அவர் காணவில்லை. மாமியின் குழந்தையை எங்களில் ஒருவருமே கண்டதில்லை.

அம்மா மட்டும், "பாதை எப்பிடியோ?" என்று இழுத்தார்.

"எங்கடை மாகாணத்துக்குள்ளை ஓடுற பஸ். வழி முழுக்கத் தமிழ்ப் பலகைதான். பிள்ளை வாசிச்சுக்கொண்டு வரும்."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பஸ்ஸில் யன்னலோரம் எனக்கே கிடைத்தது. அம்மாவின் மடியில் மாமிக்கென்று கட்டிய பனங்கட்டியும் ஒடியலும் நிறைந்த பை. சாவகச்சேரி, பளை, கிளிநொச்சி என்று ஒவ்வொரு பலகையையும் தொண்டை கிழிய வாசித்தேன்.

பின்னால் இருந்தவர் சாரதியிடம், "தம்பி, கொண்டக்டரை இறக்கிவிடும். உந்தப் பிள்ளை ஒண்டே போதும்" என்றார்.

"அப்ப இந்தக் காசுப் பையையும் பிள்ளையிட்டைக் குடுக்கிறன்" என்றார் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

வவுனியா தாண்டி பஸ் கிழக்கே திரும்பியது. கொஞ்சத் தூரத்தில் பலகைகளில் எல்லாம் வட்ட வட்டமான எழுத்துகள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப் போட்டாய்?"

"உந்த எழுத்து எனக்குப் படிப்பிக்கேல்லை, அப்பா."

அப்பா கொண்டக்டரைப் பார்த்தார். "உது எங்கடை மாகாணமில்லையோ?"

"இல்லை அண்ணை. இது சிங்கள ஊருகள். நல்ல றோட்டு இதுதான். கொஞ்சத் தூரம் வெளியாலை போய்த்தான் திரும்ப உள்ளுக்கை வரவேணும்."

சிரித்துக்கொண்டு வந்த பஸ் அடங்கிப்போனது. அப்பா நெற்றித் திருநீற்றைக் கையால் தேய்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் தன் குங்குமத்தைத் துடைத்து, என் பொட்டையும் அழித்தார்.

"ஏனம்மா?"

"வேர்த்து வழியுது, பிள்ளை."

அவரது விரல்கள் குளிர்ந்திருந்தன. நான் வாசிப்பதை நிறுத்தியதால்தான் எல்லாரும் சோர்ந்துபோனார்கள் என்று நினைத்தேன். ஒரு தமிழ் எழுத்துக்காக யன்னல் கம்பியில் நெற்றி பதியக் காத்திருந்தேன்.

கடைசியில் வந்தது. "தி-ரு-கோ-ண-ம-லை!" என்று கத்தினேன். பஸ் முழுவதும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியது. பின்னால் இருந்தவர் கைதட்டினார். கொண்டக்டர் விசிலடித்தார். அப்பா என்னை அப்படியே தூக்கிவிட்டார். அம்மா குங்குமச் சிமிழைத் திறந்து முதலில் எனக்கும் பிறகு தனக்கும் பொட்டு வைத்தார். என் வாசிப்புக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே புல்லரித்தது.

வீட்டு வாசல் படலையடிக்கு ஓடி வந்த மாமி, அம்மாவின் நெற்றியை உற்றுப் பார்த்தார். அவசரத்தில் வைத்த பொட்டு சற்றுக் கோணலாக இருந்தது.

"வழியிலை அழிச்சனீங்களோ, மச்சாள்?"

"ஓம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பா படலைக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டார்.

வேர்வையில் அழிந்த பொட்டுக்கு இவ்வளவு அழுகையா? எனக்கு விளங்கவில்லை. உள்ளே ஓடிப்போய், முதன்முதலாகக் கண்ட அந்தக் குழந்தைக்குச் சுவர்க் கலண்டரை உரக்க வாசித்துக் காட்டினேன்.